சீட்டுக்கு அடியில் இருந்த கேஸ்கட்

எண்ணூர் உப்பளத்து வரப்பில் எங்கள் லாரி நின்றுவிட்டது. தண்ணீர் பம்பின் மூடிக்குள் கசிவை அடைக்கும் கேஸ்கட் அட்டை கிழிந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் அந்தப் பக்கம் போக, உப்பு லாரியை விட்டால் எனக்கு வேறு வழியில்லை.

டிரைவர் ஒல்லியான மனிதர். தோளில் எப்போதும் ஓர் அழுக்குத் துணி. கை சும்மா இருந்தால் எதையாவது துடைத்துக்கொண்டிருப்பார். கழற்றிய மூடியின் மேல் கெட்டி அட்டையை வைத்து, ஓரத்தைச் சுத்தியலால் மெல்லத் தட்டினார். தட்டத் தட்ட அட்டை அறுந்து, புது கேஸ்கட்டின் வடிவம் வந்தது.

"கடையில வாங்கின கேஸ்கட்டு சும்மா கெடக்குது. இவன் கையாலயே செஞ்சு எனக்கு மிச்சம் புடிக்கிறான்" என்று என்னிடம் பெருமையாகச் சொல்லிவிட்டு, எங்களோடு வந்த லாரி முதலாளி தண்ணீருக்கு ஆள் அனுப்பக் கொட்டகைப் பக்கம் போனார்.

நானும் பாராட்டினேன். டிரைவர் சீட்டுக்கு அடியிலிருந்து கடை கேஸ்கட்டை எடுத்து, மூடியின் மேல் வைத்துக் காட்டினார். ஒரு துளைகூடப் பொருந்தவில்லை.

"இது வேற வண்டியோடது சார். கடக்காரன் பழைய கேஸ்கட்ட எடுத்தாந்து காட்டுன்னு சொன்னான். எனக்குத் தெரியாதான்னு வீறாப்பா இத்த வாங்கினு வந்தேன்."

"முதலாளியிடம் சொல்லிவிடலாமே?"

"சொல்லத்தான் போனேன். அதுக்குள்ள உங்க முன்னாடி என்னப் புகழ்ந்துட்டாரு. இப்ப இன்னான்னு சொல்றது?"

டிரைவர் தான் செய்த கேஸ்கட்டை வைத்து மூடியைப் பூட்டினார். முதலாளி திரும்பி வந்தார், தண்ணீரும் வந்தது. என்ஜின் ஓடியது, ஒரு சொட்டு கசியவில்லை. "பாத்தீங்களா!" என்று டிரைவரின் முதுகில் தட்டினார். டிரைவர் தலை நிமிராமல், காய்ந்த மூடியையே துடைத்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கேஸ்கட் ஒழுகித் தொலைத்திருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்குமோ என்று இன்றும் எனக்குத் தோன்றுகிறது.