யாக்கோப்பைத் தேடி வந்தவர்

நேற்று எங்கள் பழைய வீட்டுக்காரரின் பேரன் அந்தத் தோல் அட்டைப் பைபிளைத் திறந்தார். பூஞ்சணமும் புகையும் கலந்த மணம் வந்தது. எனக்கு மறுபடியும் பத்து வயது.

எண்பதுகளில் ஊரைவிட்டு சுவிட்சர்லாந்துக்கு வந்த நாங்கள், சோலோதுர்ன் நகருக்கு அருகே அந்த வீட்டுக்காரக் கிழவரின் பண்ணைவீட்டு மாடியில் குடியிருந்தோம். ஒரு ஞாயிறு ஓஹாயோவிலிருந்து ஒரு பெண்மணி வந்தார். அங்கே காடு வெட்டிக் குடியேறிய தன் மூதாதை யாக்கோப் இந்த வீட்டுப் பிள்ளைதானா என்று அவருக்குத் தெரியவேண்டும். அவருக்கு ஜெர்மன் தெரியாது. கிழவருக்கு ஆங்கிலம் தெரியாது. கிழவர் சொன்னதை நான் அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன், அப்பா அதை ஆங்கிலமாக்கினார்.

“அப்பா, வீட்டில பங்கு கேக்கவோ வந்தவ எண்டு கேக்கிறார்.”

அப்பா சிரித்துவிட்டார். “பங்குக்குப் பயப்பிடுறதில இவரும் எங்கட ஊர் ஆள்தான்! பொறு, கேட்டுச் சொல்லுறன்.” கேட்டார். “பேரை மட்டும் பாத்தாக் காணுமாம், பிள்ளை.”

கிழவர் உள்ளே போய்ப் பைபிளைக் கொண்டுவந்தார். முன்பக்கத்தில் பிறந்தவர்களின் பெயர்கள். என் விரல் ஏழாவது வரியில் நின்றது. ‘யாக்கோப், அமெரிக்கா போனான்.’

“அப்பா, இருக்கு!” என்று கத்தினேன். அந்தப் பெண்மணி கிழவரைக் கட்டிப்பிடித்து அழுதார்.

“எங்களையும் ஒருநாள் ஆரும் தேடி வருவினம். எங்கட பேரையும் எழுதட்டாம் எண்டு சொல்லு,” என்றார் அப்பா பகிடியாக.

சொன்னேன். கிழவர் சிரிக்கவில்லை, பேனையை எடுத்தார்.

நேற்றுப் பார்த்தேன். கடைசிப் பக்கத்தில் எங்கள் நான்கு பேரின் பெயர்களும் அப்படியே இருக்கின்றன.