ஆட்டுக்கயிற்றில் ஒரு ஹெலிகாப்டர்

நான் கேட்டது விசா. வந்தது ஹெலிகாப்டர்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. டிப்ளமா முடித்துவிட்டு, திருச்சுழிப் பக்கம் எங்கள் ஊரில் பருத்தியும் கொத்தமல்லியும் காய்கிற காட்டுக்குக் காவல் நின்றுகொண்டிருந்தேன். துபாயில் இருந்த அக்கா வீட்டுக்காரரைத்தான் மலைபோல நம்பியிருந்தேன். லீவில் வரும்போதெல்லாம் "அடுத்த தடவ பாப்போம் மாப்ள" என்பார். அந்தத் தடவை ஒரு பெரிய அட்டைப்பெட்டியை என் முன்னால் வைத்தார். அவருடைய முதலாளி மகன் விளையாடிச் சலித்தது என்றார். உள்ளே கை நீளத்துக்கு ஒரு ஹெலிகாப்டர், இரண்டு குச்சி வைத்த ரிமோட், ஆங்கிலத்தில் ஒரு புத்தகம். மீசை வைத்த ஆம்பளைக்குப் பொம்மை. பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கிக்கொண்டேன்.

எங்கள் வீடு அப்பா இல்லாத வீடு. அம்மா, நான், கொஞ்சம் ஆடுகள். அருப்புக்கோட்டைக்கு பஸ் ஏறினாலும் "எப்பய்யா வருவ?" என்று கேட்காமல் அம்மா அனுப்பியதில்லை. மதுரையில் ஒரு கம்பெனி வேலை தகைந்து வந்தபோது சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். நான் போகவில்லை. வீட்டில் இருந்தாலும் எனக்கு மூச்சு முட்டும். காட்டுக்குப் போனால் அங்கேயும் முட்டும். அவ்வளவு பெரிய வெட்டவெளியில் எப்படி முட்டும் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

பொம்மை என்று நான் நினைத்தது தப்பு. அதற்குள் நிஜமான எஞ்சின் இருந்தது. மெத்தனாலும் விளக்கெண்ணெயும் கலந்து ஊற்ற வேண்டும். பழைய டிராக்டர் பேட்டரியை வைத்து ஸ்டார்ட் செய்தால் ஊரே காதைப் பொத்தும். தண்ணீர் வற்றி வெடித்துக் கிடந்த கண்மாய்தான் மைதானம்.

முதல் நாளே அம்மா ஆட்டுக்கயிற்றோடு வந்து நின்றாள். "கட்டி வச்சு ஓட்டுய்யா. அது பாட்டுக்குப் பறந்து போயிருச்சுன்னா எங்கிட்டுப் போயித் தேடுவ?"

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. தொலையக் கூடாத எதையும் எங்கள் ஊரில் கட்டித்தான் வைப்போம். முளைக்குச்சி அடித்து, ஆட்டைக் கட்டுவதுபோலவே அதன் காலில் கயிற்றைக் கட்டினேன். ஒரு முழம் எழும்பியது. லேசாகப் பக்கவாட்டில் நகர்ந்தது. கயிறு விறைத்ததுதான் தாமதம், தலைகுப்புறக் கவிழ்ந்து, விசிறி கரிசல்மண்ணில் அடித்துச் சில்லுச் சில்லாகத் தெறித்தது.

துபாயிலிருந்து ஆள் வந்து புது விசிறி கைக்குச் சேரப் பல மாதம் ஆனது. திரும்பவும் கட்டினோம். திரும்பவும் கவிழ்ந்தது. அப்புறம்தான் எனக்குப் புத்தி வந்து, புத்தகத்தை எழுத்துக்கூட்டிப் படித்தேன். எந்தக் காரணத்துக்காகவும் கட்டாதே, கட்டினால் கவிழும் என்று அதில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

அடுத்த செட் விசிறி வந்ததும் கட்டாமல் ஓட்டினேன். கண்மாய்க் கரையில் அம்மா கயிற்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முதல் பாடம் பறப்பது இல்லை, அந்தரத்தில் ஒரே இடத்தில் நிற்பது. அதுதான் உயிரை வாங்கும். நிற்கிற மாதிரி தெரியுமே தவிர, ஒரு நொடி கை ஓய்ந்தால் எங்காவது இழுத்துக்கொண்டு போய்விடும். மூக்கு நம் பக்கம் திரும்பினால் இடது வலதாகிவிடும். விழுந்து, ஒட்டி, மறுபடி விழுந்து, கடைசியில் ஒருநாள் தலை உயரத்தில் அப்படியே நின்றது. எண்ணெய் தீரும்வரை எனக்கு மூச்சு முட்டவில்லை. சந்தோஷத்தில் அழுகை வந்தது.

அடுத்த லீவில் மச்சான் பார்க்க வந்தார். நான் நிறுத்திக் காட்டியதும் வாயெல்லாம் பல். "அத்த சொன்னது சரியாத்தான் போச்சு மாப்ள."

"என்ன சொன்னாக?"

"விசா கிசான்னு எதையும் கொண்டாந்துறாதீக, அவன் கை ஓயாம இருக்க மாதிரி எதையாச்சும் வாங்கிட்டு வாங்க, வீட்டோட கெடப்பான்னாக. ஒனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்."

கண்ணை ஹெலிகாப்டரை விட்டு எடுக்கவில்லை. குச்சியை முன்னால் தள்ளி அப்படியே பிடித்துக்கொண்டேன். அது மூக்கைத் தாழ்த்திக்கொண்டு கரையைத் தாண்டிப் போனது. மச்சான் என் தோளைப் பிடித்து உலுக்கினார். நான் விடவில்லை. புள்ளியாகி, சத்தம் நின்று, சீமைக்கருவேலங்காட்டுக்குள் விழுந்தது.

கரையில் இருந்த அம்மாவுக்கு நாங்கள் பேசியது கேட்டிருக்காது. செருப்புக்கூட இல்லாமல் ஓடினாள். நான் போய்ச் சேரும்போது முள்ளுக்குள்ளிருந்து பின்பக்கமாக வெளியே வந்துகொண்டிருந்தாள். மடியில் ஹெலிகாப்டர். முழங்கை வரை ரத்தம்.

"வாலு மட்டுந்தான்யா ஒடிஞ்சிருக்கு. மருமகன்ட்டச் சொன்னா வாங்கியாருவாக. சரி பண்ணிருவோம்."

கேட்க வேண்டியதெல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. அவளைக் கரையில் உட்காரவைத்து, ஊக்கை வாங்கி, உள்ளங்கையில் ஒடிந்திருந்த முள்ளைத் தோண்ட ஆரம்பித்தேன். நான் போட்டுவிட்டு வந்த ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு மச்சான் பக்கத்தில் வந்து நின்றார்.

"அடுத்த தடவ கண்டிப்பா விசாவோட வாரேன் மாப்ள" என்றார்.

முள் வெளியே வந்த பிறகும் அம்மா கையை எடுக்காமல் என் விரல்களைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"வால் மட்டும் வாங்கிட்டு வாங்க மச்சான்" என்றேன்.