கா என்று தொடங்கும் பாட்டுகள்

பின்னால் சாப்பாட்டுக் கடையின் குசினிக் கதவு அடித்துச் சாத்தப்பட்டபோது நாங்கள் சந்தில் பாதித் தூரம் வந்துவிட்டோம். மாமா திரும்பிப் பார்க்கவில்லை. ஈர ஏப்பிரனைக் கழற்றிக் கொடுக்க மறந்து, அதன் மேலேயே கோட்டைப் போட்டிருந்தார். நடக்க நடக்க அது கோட்டுக்குக் கீழே எட்டிப் பார்த்தது.

"ஏன் மாமா போகச் சொன்னவங்கள்?"

"பாடினதுக்கு. கோப்பை கழுவேக்க பாடக் கூடாதாம். ரசனை இல்லாத சனம்."

எனக்கு அது நியாயமான காரணமாகத்தான் பட்டது. முதலாளி கத்தியபோது விரலை என் பக்கம் நீட்டியதை நானும் பார்த்தேன். மாமாவோடு சேர்ந்து பாடியவன் நான்தானே.

மாமா அம்மாவின் தம்பி. அம்மா யாழ்ப்பாணத்தில் கைக்குழந்தைத் தங்கச்சியோடு நின்றுகொண்டு, ஒன்பது வயதில் என்னை மாமாவோடு அனுப்பிவிட்டா. ரொறன்ரோவில் ஒரு வீட்டுக்குக் கீழே, பேஸ்மன்ற்றில், வேறு இரண்டு அண்ணைமாரோடு இருந்தோம். சனிக்கிழமைகளில் என்னைப் பார்த்துக்கொண்ட அண்ணைக்கு பக்டரியில் வேலை கிடைத்ததும், மாமா என்னைத் தன்னோடு குசினிக்குக் கூட்டிப்போகத் தொடங்கினார். உருளைக்கிழங்கு மூட்டையின் மேல் இருந்து படம் கீறுவேன், அலுத்தால் பாடுவேன்.

சந்து முடிந்து தெரு வந்ததும் மாமா சொன்னார்: "இண்டைக்கு வேறை வேலை கிடைக்காட்டி நான் நாளைக்கு மொன்றியலுக்கு பஸ் எடுக்கிறன். அங்கை சிநேகிதன் ஒருத்தன் கூப்பிடுறான். நீ மிசிசாகாவிலை பெரியப்பா வீட்டை நில்."

"நானும் வாறன்."

"உன்னை எங்கையடா படுக்க வைக்கிறது? அவங்கள் ஆறு பேர் ஒரு அறையிலை."

பெரியப்பா வீட்டில் கார்ப்பெற் இருந்தது. அதில் சப்பாத்தோடு கால் வைத்ததற்காக ஒருமுறை என்னை வாசலிலேயே நிற்க வைத்திருந்தார்கள். நான் என் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். ஸ்னோவும் மழையும் கலந்து விழுந்துகொண்டிருந்தது. மாமா கடை கடையாக ஏறி இறங்கினார். நான் ஒவ்வொரு வாசலிலும் காத்து நின்றேன். ஒவ்வொரு முறையும் அவர் வெளியே வந்து, "உவங்களுக்கு ஆள் வேண்டாமாம்" என்று அந்தக் கடைக்குத்தான் நட்டம் போலச் சொன்னார். பிறகு நானும் எத்தனையோ ஊர்களில் எத்தனையோ வேலைகளை விட்டு இப்படி நடந்திருக்கிறேன். கதவு சாத்துகிற சத்தம் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

பிற்பகலில் ஒரு சின்ன ஜப்பானியச் சாப்பாட்டுக் கடை வந்தது. கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. உள்ளே யாரோ மைக்கில் பாடினார்கள். மாமா நின்றுவிட்டார். குளிருக்கு ஒதுங்குவோம் என்று சொன்னாலும் அவருடைய காது ஏற்கெனவே உள்ளே போய்விட்டது தெரிந்தது.

உள்ளே வயதான ஜப்பான்காரர் பத்துப் பதினைந்து பேர் மேசைகளைச் சேர்த்துப் போட்டு இருந்தார்கள். மூலையில் இசை மட்டும் வருகிற கசற் மெஷின் ஒன்று, பக்கத்தில் தட்டுத் தட்டாகக் கசற்றுகள். கடைக்கார அம்மா ஒரு பிஸ்கற் தகரத்துக்குள் கையை விட்டு ஒரு கடதாசித் துண்டை எடுத்தார். "கா!" என்று சத்தமாகச் சொன்னார். ஒருவர் எழுந்து கா என்று தொடங்கிப் பாடினார். அடுத்தவரும் கா என்றே தொடங்கினார்.

மாமா என் தோளை இறுக்கிப் பிடித்தார். "மருமோன், உது எங்கடை போட்டியடா! எழுத்துக் குடுத்துப் பாடுறது!"

ஊரில் கரண்ட் இல்லாத இரவுகளில் நாங்கள் விளையாடியது அதுதான். எழுத்தைச் சொன்னால் அந்த எழுத்தில் தொடங்கும் பாட்டைப் பாட வேண்டும். அதில் மாமாவை யாரும் வென்றதில்லை. ஒரு சொல்லும் விளங்காமலே, கடைக்கார அம்மா கொண்டுவந்து தந்த தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் நடுவராகிவிட்டார். ஒவ்வொரு பாட்டின் முதல் எழுத்துக்கும் தலையை ஆட்டினார்.

பிறகு எழுந்தவர் மண்ணிறக் கோட்டுப் போட்ட கிழவர். கண்ணை மூடிக்கொண்டு, மிகவும் உருகி, யூ என்று தொடங்கினார்.

"அவுட்!" என்றார் மாமா.

விளையாட்டில் வீட்டாளின் பக்கம் நிற்க வேண்டும். நானும் "அவுட்!" என்று கத்தினேன்.

மெஷின் மட்டும் தனியே வாசித்தது. கிழவர் கண்ணைத் திறந்தார். எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள். கோட்டுக்குக் கீழே ஏப்பிரன் தொங்கிய ஒரு மனிதரையும், மூக்கு ஒழுகிய என்னையும்.

"கா வரேல்லை. யூ எண்டெல்லோ தொடங்கினவர்? சொல்லு உவையளுக்கு" என்றார் மாமா என்னிடம். பள்ளிக்கூடத்தில் பழகிய இங்கிலீசில் நான் சொன்னேன். கடைக்கார அம்மா பொறுமையாக விளக்கினார். பாட்டின் பெயர்தான் கா என்று தொடங்க வேண்டுமாம். பாட்டு எந்த எழுத்தில் தொடங்கினாலும் பரவாயில்லை.

நான் சொன்னதை மாமா நம்பவில்லை. "பாட்டுக்குத் தனியாப் பேரோ? முதல் வரிதானேடா பேர்!"

அதை நான் திருப்பிச் சொன்னதும் மேசை முழுக்கச் சிரித்தது. கிழவர் மட்டும் சிரிக்கவில்லை. எங்கள் பாட்டுகளுக்குப் பெயரே இல்லையென்றால் கடையில் எப்படிக் கேட்டு வாங்குவீர்கள் என்று கேட்டார்.

"பாடிக் காட்டுவம். கடைக்காரன் எடுத்துத் தருவான்" என்றார் மாமா.

அப்போது கிழவரும் சிரித்துவிட்டார். தன் பாட்டைக் குழப்பிய குற்றத்துக்கு மாமா கா எழுத்தில் ஒன்று பாட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். மாமா மைக்கைத் தொடவில்லை. காற்றைப் பற்றிய ஒரு பழைய படப்பாட்டை நின்றபடியே பாடினார். காலையிலிருந்து சாப்பிடாத தொண்டை மேலே போகும் இடத்தில் கம்மியது. அவர் நிறுத்தவில்லை. கிழவர் சாப்பிடும் குச்சிகளால் மேசையில் தாளம் போட்டார், பெரும்பாலும் பிழையாக.

பாட்டு முடிந்ததும் எனக்குச் சோற்று உருண்டை தந்தார்கள். மாமாவுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. பேசிக்கொண்டே மேசையில் கிடந்த வெறுங் கோப்பைகளைப் பொறுக்கினார். தட்டுகளை முழங்கை வரை அடுக்கி, ஒன்றும் கிலுங்காமல், குசினி எந்தப் பக்கம் என்று கண்ணால் கேட்டார். கடைக்கார அம்மா அந்தக் கையையே பார்த்தார். பிறகு கோட்டுக்குக் கீழே தொங்கிய ஏப்பிரனைப் பார்த்தார்.

"டுமாரோ?" என்று கேட்டார். "மோர்னிங்?"

மாமா உடனே ஓம் என்று சொல்லவில்லை. தட்டுகளைக் கீழே வைத்தார். எவ்வளவு தருவீர்கள் என்றோ எத்தனை மணி வரை என்றோ கேட்கவில்லை. என்னைக் காட்டி, தனக்குத் தெரிந்த இங்கிலீசில், "பாய் கம், ஓகே?" என்றார். பாட்டைப் பற்றி எல்லாவற்றையும் என்னைக் கொண்டு சொல்லுவித்தவர், இதை மட்டும் தானே கேட்டார்.

அந்த அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

வீடு திரும்பும் வழியெல்லாம் நான் குதித்துக்கொண்டு வந்தேன். பாடியதற்காக ஒரு கடை வேலையைப் பறித்தது, இன்னொரு கடை பாட்டைக் கேட்டே வேலை தந்தது என்று பேஸ்மன்ற் அண்ணைமாருக்கு நான்தான் சொன்னேன். மாமா மறுக்கவில்லை. "ஓமடாப்பா, மருமோன்ரை குரலுக்கும் சேத்துத்தான்" என்றார். அதைப் பல வருசம் நம்பிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை மாமா அங்கே வேலைக்குச் சேர்ந்தார். அரிசி களைவதுதான் முதல் வேலை. ஊரில் அரிசிப் பானைப் பக்கமே போகாதவர், தண்ணீர் தெளியும் வரை களைய வேண்டும் என்று அந்த அம்மா காட்டிக்கொடுக்க, கையை மணிக்கட்டு வரை குளிர்ந்த தண்ணீரில் விட்டுக்கொண்டு நின்றார். அடுப்புக்குப் பக்கத்தில், சூடு படுகிற இடத்தில், ஒரு சோடாப் பெட்டியைக் கவிழ்த்து வைத்து அந்த அம்மா என்னை அதில் இருத்தினார். என்னைப் பாடச் சொல்வார்கள் என்று கா எழுத்தில் ஒரு பாட்டைத் தயாராக வைத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை.

மாமா மெல்லப் பாடத் தொடங்கினார். ஒவ்வொரு வரிக்கும் ஒருமுறை பாட்டை நிறுத்தி, நான் பெட்டியில் இருக்கிறேனா என்று திரும்பிப் பார்த்தார். வரி மறந்துபோய்த்தான் நிறுத்துகிறார் என்று நினைத்து, நான் அடுத்த வரியை எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தேன்.