மாமன் மடிக்கு ஐந்தடி

சுயம்புலிங்கம் ஆசாரியின் கட்டைவிரலில் அவருடைய ஊசியே ஏறியது இரண்டு வருடத்துக்கு முந்தைய ஒரு வைகாசி முகூர்த்தத்தில். குழந்தையின் காதுச் சோணையில் ஊசி வைத்த நொடியில் ஒரு போட்டோகிராபர் பிளாஷ் அடிக்க, குழந்தை வெடுக்கென்று தலையைத் திருப்பியது. காது தப்பியது, விரல் மாட்டியது. அன்றோடு சின்னமனூர் சுற்றுவட்டாரத்துக்கு ஆசாரி ஒரு சட்டம் போட்டுவிட்டார். அவர் குத்தும்போது பிளாஷ் கூடாது, வீடியோ லைட்டும் கூடாது. மீறினால் ஊசியைப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டு எழுந்துவிடுவார். முகூர்த்த நேரத்தில் ஆசாரி எழுந்து போவதைத் தாங்குகிற குடும்பம் இந்தப் பக்கம் கிடையாது. சட்டம் நிற்கிறது.

அதில் அதிகம் அடிபட்டவர் மார்க்கையன்கோட்டை நாகஜோதி. வயது முப்பத்து நான்கு. கணவர் விஜய்பாண்டி வாழைத்தார் ஏற்றும் மினி லாரி ஓட்டுகிறார். நாகஜோதி எட்டு வருடம் கம்பத்தில் ஒரு ஸ்டுடியோவில் ஆல்பம் டிசைன் செய்தவர். மற்றவர்கள் எடுத்துவந்த இருட்டுப் படங்களை வெளுப்பாக்குவது, மூடிய கண்ணுக்கு வேறு படத்திலிருந்து திறந்த கண்ணை வெட்டி ஒட்டுவது, கல்யாணத்துக்கு வராத சித்தப்பாவைப் பின்வரிசையில் நிறுத்துவது எல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆடிப்போன படத்தை மட்டும் கம்ப்யூட்டரில் எதுவும் செய்ய முடியாது என்பதையும் அங்கேதான் தெரிந்துகொண்டார். பிறகு ஒரு பழைய கேமராவை, அதோடு வந்த சாதாரண ஜூம் லென்ஸுடன் வாங்கித் தானே கிளம்பினார். சடங்கு, வளைகாப்பு, காதுகுத்து என்று வேலை வந்தது. பெண்கள் கூச்சமில்லாமல் சிரிக்கிறார்கள் என்பதால் படங்களும் நன்றாக வந்தன.

போன வருடம் அதே ஊர் முனீஸ்வரியின் மூத்த மகளுக்குக் காதுகுத்து. குலதெய்வக் கோயிலின் கல் மண்டபம், தாழ்ந்த கூரை. வெளியே காலை பத்து மணி என்றால் உள்ளே மாலை ஆறரை. ஆசாரியின் சட்டப்படி பிளாஷ் இல்லாமல் எடுத்ததில் குழந்தை வெறும் வெள்ளைப் புகையாக வந்தது. மடியில் வைத்திருந்த தாய்மாமன் ஈஸ்வரபாண்டிக்கு மூன்று மூக்கு.

"என் தம்பி வச்ச சீரை ஊரே பாத்துச்சு. அவென் மூஞ்சியத்தான் ஒருத்தரும் பாக்கல" என்றார் முனீஸ்வரி.

இந்த வைகாசியில் அவருடைய இளைய பிள்ளை மாரிசெல்வத்துக்குத் தேதி குறித்தார்கள். பதினொரு மாதக் குழந்தை. முனீஸ்வரி மறுபடியும் நாகஜோதியையே கூப்பிட்டார்.

"வேற ஆளப் பாருன்னு எல்லாரும் சொல்றாக. நான்தான் உனக்கு இன்னொரு தடவை குடுத்திருக்கேன் ஜோதி. மத்த படம் எப்படியும் இருக்கட்டும். குத்துற அந்த ஒரு படம் எனக்கு வேணும். அதுவும் வரலைன்னா நம்ம ஊருப் பக்கம் நீ கேமராவத் தூக்க வேண்டாம், ஆமா."

"வரும் மதினி" என்றார் நாகஜோதி. எப்படி வரும் என்று அப்போது அவருக்குத் தெரியாது.

தேவையானது எது என்று தெரியும். ஜூம் இல்லாத, வாய் அகன்ற லென்ஸ். கையிலிருந்த ஜூமை வேண்டிய அளவுக்கு இழுத்தால் அதன் வாய் 4.5 வரைதான் திறக்கும்; இந்த எண் குறையக் குறைய வாய் அகலும். 1.8 வரை திறக்கிற லென்ஸ் என்றால் ஆறு மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். நொடியில் முப்பதில் ஒரு பங்கு நேரத்தில் ஆடிப்போன படத்தை நூற்றெண்பதில் ஒரு பங்கு நேரத்தில் பிடித்துவிடலாம். யூடியூபில் பேசியவர்கள் எல்லோரும் ஐம்பது எம்.எம். வாங்கச் சொன்னார்கள். விலையும் குறைவு. அவரும் ஏறக்குறைய முடிவு செய்துவிட்டார். ஆனால் மற்றவர்களின் படங்களைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஒரு சந்தேகம். அந்த லென்ஸ் எல்லாவற்றையும் நெருக்கமாகக் காட்டும். மண்டபத்தில் பின்னால் போக இடம் இருக்கிறதா?

ஒரு செவ்வாய்க்கிழமை காலை கணவரை மண்டபத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"இங்கன உக்காருங்க."

"நான் எதுக்கு?"

"நீங்கதான் தாய்மாமன்."

"சீர் செய்யச் சொல்ல மாட்டியே?" என்று கேட்டுவிட்டுத்தான் விஜய்பாண்டி உட்கார்ந்தார்.

லாரியில் கிடந்த வாழைநாரை எடுத்து வந்து அளந்தார் நாகஜோதி. கல் தூணில் முதுகை ஒட்டி நின்றால் மாமன் மடிக்கு ஐந்தடி. அதற்குமேல் ஓர் அங்குலம் கிடைக்காது. இரண்டு பக்கமும் சொந்தக்காரர்கள் செல்போனோடு நெருக்குவார்கள். நாரில் முடிச்சுப் போட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அடுத்த லோடு மதுரைக்கு. தார்களை இறக்கிவிட்டு இருவரும் ஒரு கேமராக் கடைக்குப் போனார்கள். கடைப் பையன் என்று சொல்ல முடியாத, மீசை நன்றாக முறுக்கிய பாண்டியராஜன்தான் அங்கே விற்பனையாளர்.

"கண்ண மூடிக்கிட்டு ஐம்பது எடுங்கக்கா. எல்லாரும் அதான் வாங்குறாக."

"கண்ண மூடிக்கிட்டா எதுக்குத் தம்பி லென்ஸு? செத்த கீழ உக்காருங்க."

"கீழயா?"

"சம்மணம் போட்டு."

என்ன ஏதென்று புரியாமலே பாண்டியராஜன் உட்கார்ந்தார். அவர் மடியில் ஒரு கேமரா முக்காலிப் பையைக் குழந்தையாகப் படுக்கவைத்தார் நாகஜோதி. விஜய்பாண்டி கையில் பால்பாயிண்ட் பேனாவைக் கொடுத்து ஆசாரி ஆக்கினார். வாழைநாரை இழுத்து அளந்து, கண்ணாடி அலமாரியில் முதுகை ஒட்டிக்கொண்டு, ஐம்பது எம்.எம். லென்ஸில் எடுத்துப் பார்த்தார். பையின் வாயும் பாண்டியராஜனின் மீசையும் விழுந்திருந்தன. ஆசாரிக்குப் பேனா இருந்தது, கை இல்லை.

"பின்னால போங்கக்கா."

"பின்னால தூணு."

"அது கண்ணாடி அலமாரிக்கா."

"இன்னைக்கு அது தூணு. முப்பத்தஞ்சு இருக்கா?"

இருந்தது. அதே ஐந்தடியில் குழந்தை, மாமன் முகம், ஆசாரியின் இரண்டு கை எல்லாம் அடங்கின. விலையைக் கேட்டதும் விஜய்பாண்டி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். மலிவாக ஒன்று உண்டு என்று பாண்டியராஜன் ஒரு பழைய லென்ஸை எடுத்தார். அதற்குள் மோட்டார் கிடையாது, நாகஜோதியின் கேமராவிலும் கிடையாது. போகஸைக் கையால் திருக வேண்டும்.

"நான் திருகி முடிக்கிற வரைக்கும் பிள்ள ஆடாம இருக்குமா? உங்களுக்குப் பிள்ள இருக்கா தம்பி?"

"இல்லக்கா."

"அதான்."

கடைசியில் வந்தது யாரோ ஒரு வருடம் பயன்படுத்திவிட்டுக் கொடுத்த முப்பத்தைந்து. 1.8 திறக்கும், மோட்டார் உள்ளேயே இருக்கிறது. வெளிப் பெயிண்ட் உரிந்திருந்ததால் விலை புது ஐம்பதுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. நாகஜோதி செல்போன் டார்ச்சைக் கண்ணாடிக்குள் அடித்து, பூஞ்சை இருக்கிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்தார். சுத்தம். மாட்டி, முழுதாகத் திறந்து எடுத்தார். பை பளிச்சென்று இருந்தது. மாமன் முகம் மங்கல்.

"போச்சு. இதுவும் ஆடிப்போச்சு" என்றார் விஜய்பாண்டி.

"ஆடலண்ணே. முழுசாத் திறந்தா அரைச் சாண் ஆழத்துக்குத்தான் தெளிவா விழும். என் மூஞ்சி பைக்குப் பின்னால இருக்குல்ல" என்றார் தரையிலிருந்த பாண்டியராஜன்.

நாகஜோதி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "அப்ப கன்னத்தப் பிள்ள தலையோட ஒட்டி வைங்க தம்பி."

கடைக்கு வந்திருந்த ஒரு கல்லூரிப் பெண் சிரிப்பை அடக்க முடியாமல் பார்க்க, பாண்டியராஜன் முக்காலிப் பையைக் கட்டிக்கொண்டு கன்னத்தோடு கன்னம் வைத்தார். இப்போது பை, முகம், பேனா மூன்றும் கேமராவிலிருந்து ஒரே தூரம். 2.2-க்கு லேசாக மூடி எடுத்த படத்தில் மூன்றும் தெளிவு. மீசை முடியை எண்ணலாம்.

"பில்லு போடுங்க" என்றார் நாகஜோதி.

வைகாசி முகூர்த்தத்தன்று மண்டபத்தில் ஊசி விழ இடமில்லை. பொங்கல் அடுப்புப் புகை வேறு உள்ளே வந்துகொண்டிருந்தது. ஆசாரி உட்கார்ந்ததும் முதலில் பார்த்தது நாகஜோதியைத்தான்.

"ஏம்மா, அந்த லைட்டு டப்பாவ அணைச்சாச்சா?"

"கொண்டாரவே இல்ல ஆசாரிண்ணே."

பட்டு வேட்டியில் ஈஸ்வரபாண்டி நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, குனிஞ்சு கன்னத்தப் பிள்ள தலையோட வைங்க."

"நிமிந்து உக்காந்தாத்தான் மாமன் மாதிரி இருக்கும், தாயி."

"நிமிந்தா மறுபடி மூணு மூக்கு."

உடனே குனிந்தார். நாகஜோதியின் முதுகில் தூண் இடித்தது. வலப்பக்கத்திலிருந்து ஒரு செல்போன் குறுக்கே நீண்டது. "சித்தி, கைய இறக்குங்க!" என்று அவர் போட்ட சத்தத்தில் சித்தியோடு இன்னும் நாலு பேர் கையை இறக்கினார்கள். ஆசாரி சோணையை இரண்டு விரலால் பிடித்தார். ஊசி ஏறியது. ஏழு படம். அதன் பிறகுதான் மாரிசெல்வத்தின் அலறல் கேட்டது.

பந்திக்கு இலை போடுவதற்கு முன்பே முனீஸ்வரி கேமராவை வாங்கிக்கொண்டார். முதல் இரண்டை ஒதுக்கினார். மூன்றாவதில் நின்றார். பெரிதாக்கினார், இன்னும் பெரிதாக்கினார்.

மாரிசெல்வம் இன்னும் அழத் தொடங்கவில்லை. வாயில் பாதி பிஸ்கட்டோடு எங்கோ பார்த்துக்கொண்டிருக்கிறான். ஊசியின் நுனி மினுங்குகிறது. அவன் தலையோடு ஒட்டிய ஈஸ்வரபாண்டி கண்களை இறுக மூடியிருக்கிறார். கன்னத்தில் இறங்கும் கண்ணீர் மீசைக்கு வரவில்லை, பாதி வழியில் நிற்கிறது.

"ஏலே, பிள்ளையே அழுகல. நீ எதுக்குடா அழுத?" முனீஸ்வரி சிரித்த சிரிப்பில் அவருக்கும் கண் கலங்கிவிட்டது.

ஈஸ்வரபாண்டி எட்டிப் பார்த்துப் பதறினார். "ஆத்தா, அத அழிச்சிரு ஜோதி. ஆளுக பாத்தா என்ன நெனப்பாக?"

"அழிச்சா உன்னையப் பந்தியில உக்கார விடமாட்டேன். ஜோதி, ஆல்பத்துக்கு அட்டையே இதுதான்."

பெட்டியை மூடிக்கொண்டிருந்த ஆசாரியும் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தது தன் விரல்களைத்தான். "வேல பாக்கும்போது என் கை எப்படி இருக்கும்னு இப்பத்தான் பாக்குறேன். எனக்கு ஒண்ணு அனுப்பும்மா" என்றார். பிளாஷ் சட்டத்தை மட்டும் தளர்த்தவில்லை.

படம் கை மாறி மாறி மண்டபத்தைச் சுற்றியது. முனீஸ்வரி கூட்டத்தைப் பார்த்துச் சத்தம் போட்டார்: "ஆவணியில காது குத்துறவக எல்லாம் ஜோதிகிட்ட இப்பவே தேதி சொல்லிருங்க. பெறகு கெடைக்க மாட்டா!"

"தாய்மாமன்மாரெல்லாம் நல்லா யோசிச்சுச் சொல்லுங்கப்பா" என்றார் ஈஸ்வரபாண்டி, முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே.