மேற்கோள் பட்டியலில் நைனா

"பொட்டப்புள்ளைக்கு இன்னாத்துக்குப் படிப்பு?" என்று கேட்டவர் என் நைனா. திருத்தணியிலிருந்து ரயிலேறி நான் சென்னைக்கு ஆராய்ச்சிக்குப் போன காலம் முழுக்க என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

என் இரண்டாவது கட்டுரையை வெளிநாட்டு இதழ் திருப்பி அனுப்பியது. மேற்கோள் பட்டியலில் குடும்பப் பெயர் முழுதாக முன்னால் வர வேண்டுமாம், சொந்தப் பெயருக்கு முதலெழுத்து போதுமாம். எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? இருப்பது அப்பன் பெயரின் இனிஷியல்தான்.

"அதையே விரிச்சுப் போட்டுடும்மா. சண்டை போட்டா கட்டுரை வராது" என்றார் பேராசிரியர்.

பட்டியலில் என் முதல் கட்டுரைக்கு நேராக நைனாவின் பெயரை முழுதாகத் தட்டினேன். கே.ஜி.கண்டிகை வயல்களில் வெயிலில் அலைந்து பூச்சி பிடித்த நான், அவருக்குப் பின்னால் ஓர் எழுத்தும் ஒரு புள்ளியுமானேன்.

இதழ் அச்சாகி வந்தது. தம்பி அந்தப் பட்டியல் இருந்த பக்கத்தை வாசித்துக் காட்டினான். நைனா அதைப் பிடுங்கிக்கொண்டு டீக்கடைக்குப் போய் எல்லோருக்கும் காட்டிவிட்டு வந்தார். அப்புறம்தான் என்னிடம் வாயைத் திறந்தார்.

"இம்மாம் படிச்சி இன்னா? கடைசில யார் பேரு நின்னுச்சி, பாத்தியா?"