அக்காவிடம் நான் சொன்ன ரூல்

அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டாகிறது. இந்த நினைவு மலருக்கு யார் எழுதுவது என்ற பேச்சு வந்தபோது எல்லோரும் என்னைக் கைகாட்டினார்கள். ஒரே வீட்டில் வளர்ந்த தம்பி, பதினான்கு ஆண்டுகள் ஒரே ஆபீசில் உட்கார்ந்தவன் என்பதால். எழுதத் தகுதியில்லாதவனும் நான்தான் என்று அவர்களுக்குத் தெரியாது.

அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சுரங்க வேலைக்காக நெய்வேலிக்கு வந்தவர். அக்கா பிறந்தது, படித்தது, திருமணமாகி வேறு பிளாக்குக்குக் குடிபோனது எல்லாமே டவுன்ஷிப்புக்குள்தான். அம்மா நெடுநாள் படுக்கையில் கிடந்த ஆண்டுகளில் சமையலும் என் வீட்டுப்பாடமும் அக்காவின் பொறுப்பு. அதற்கு நடுவிலேயே பி.காம். முடித்தார். ஐ.சி.டபிள்யூ.ஏ. என்ற கணக்கியல் படிப்பில் இறுதிக்கு முந்தைய கட்டமான இன்டர் தேறினார். ஃபைனலில்தான் மாட்டிக்கொண்டார். அந்தத் தேர்வைக் குரூப் குரூப்பாகத் தேற வேண்டும். மூன்று பேப்பர் தேறி ஒன்றில் கோட்டை விட்டாலும் குரூப்பே போச்சு. அக்கா ஐந்து முறை எழுதினார். ஒவ்வொரு முறையும் வேறொரு பேப்பர் காலை வாரியது. அவர் எழுதி வைத்த நோட்டுகளைப் படித்தே நான் ஃபைனல் தேறினேன்.

என் கல்யாணப் பத்திரிகையில் அப்பா எல்லோருடைய படிப்பையும் அச்சடித்தார். அக்காவின் பெயருக்குப் பின்னால் மட்டும், படிப்பைப் போட்டு, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் இன்டர் என்று சேர்த்தார்.

“பாத்தியாடா, என் படிப்பு ஓடிப் போயிராம அப்பா வேலி கட்டிட்டாரு” என்று அக்கா சிரித்தார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

சுரங்கத்துக்குக் காண்டிராக்ட் வேலை செய்யும் ஒரு தனியார் கம்பெனியில் அக்கா அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்டாக இருந்தார். முதலாளியிடம் சொல்லி அங்கே எனக்கு வேலை வாங்கித் தந்ததும் அவரே. சேர்ந்த அன்றே நான் மேனேஜர், அக்கா எனக்குக் கீழே. ஆடிட்டர் வந்தால் என் அறையில் ஒரு வணக்கம் போட்டுவிட்டு நேராக அக்காவின் மேஜைக்குப் போய்விடுவார். எந்த பில் எங்கே தங்கும், ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் எங்கே இடிக்கும் என்பதெல்லாம் அக்காவுக்குத்தான் அத்துப்படி. ஃபைனல் தேறிய பட்டத்துக்கு மதிப்பு உண்டு. எனக்குக் கதவைத் திறந்துவிட்டதே அதுதான். இன்றும் மறுக்க மாட்டேன். ஆனால் அதை நான் பயன்படுத்திய விதம் கேவலமானது.

நான் ஜெனரல் மேனேஜர் ஆனதும் என் பழைய இடம் காலியானது. ஆள் எடுப்பதை முதலாளி என்னிடமே விட்டுவிட்டார். அன்று மதியம் அக்கா டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

“தம்பி, அந்த போஸ்டுக்கு நான் அப்ளிகேஷன் போடட்டுமா?”

“இல்லக்கா. குவாலிஃபைடு ஆளத்தான் எடுக்கணும்னு ரூல் இருக்கு.”

“அப்படியா? சரிடா.”

அவ்வளவுதான். டப்பாவைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டு தன் இடத்துக்குப் போய்விட்டார்.

அப்படி ஒரு ரூல் கிடையாது. சொந்த அக்காவைத் தூக்கி வைத்துவிட்டான் என்று நாலு பேர் பேசுவார்களே என்று பயந்தேன். அதைவிடக் கீழான காரணமும் உண்டு. ஃபைனல் தேறாமலே அக்கா அந்த வேலையை என்னைவிட நன்றாகச் செய்துவிட்டால் என் மரியாதை என்னாவது என்று நினைத்தேன். மறுநாளே விளம்பரம் கொடுத்தேன். ஃபைனல் தேறிய ஒரு பெண்மணி வந்தார். நல்லவர், கெட்டிக்காரர். ஆறு மாதம் கூடவே இருந்து அவருக்கு வேலை பழக்கியவர் அக்கா.

“பரீட்ச பாஸ் பண்ணியிருந்தா இந்நேரம் நீதான் மேனேஜரு” என்று விசேஷ வீடுகளில் உறவினர்கள் அக்காவிடம் சொல்வதுண்டு. அக்கா தலையாட்டுவார். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து பாயசம் குடித்திருக்கிறேன்.

பிறகு புற்றுநோய் வந்தது. எட்டு மாதம் படாத பாடு பட்டார். கடைசி வாரம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். “சாப்பிட்டியாடா?” என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றேன். சொல்ல வந்ததைச் சொல்லாமலே வீட்டுக்குத் திரும்பினேன்.

துக்கம் கேட்க அந்த மேனேஜர் வந்திருந்தார். “நான் சேந்த புதுசுல, ஆள் எடுக்கிற ரூல்ஸ் ஃபைல் எங்க இருக்குன்னு அக்காட்ட கேட்டேன் சார். ‘அப்படி ஒண்ணு இந்த ஆபீஸ்ல இல்லவே இல்லம்மா. இங்க உள்ள சர்க்குலர் பூரா நான் டைப் அடிச்சதுதான்’னாங்க. அவ்ளோ ஞாபகம் சார் அவங்களுக்கு” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் புகழ்ந்து பேசினார். எனக்கு வேறொன்று புரிந்தது. நான் பொய் சொல்கிறேன் என்று தெரிந்தேதான் அக்கா அன்று சரி என்றிருக்கிறார்.

நீண்ட விடுப்பு எடுத்து அக்காவின் பக்கத்திலேயே இருந்த அத்தானுக்கும், வேளை தவறாமல் கஞ்சி கொண்டுவந்த பிளாக் பெண்களுக்கும், ரத்தம் கொடுத்த ஆபீஸ் நண்பர்களுக்கும், வடலூரிலிருந்தும் பண்ருட்டியிலிருந்தும் வந்து எங்களுக்குத் தோள் கொடுத்த சொந்தங்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

உங்கள் எல்லோரிடமும் ஒரு வேண்டுகோள். பரீட்சை தேறாததால் அக்காவுக்கு அந்த வேலை கிடைக்கவில்லை என்று இனி யாரும் சொல்ல வேண்டாம். அக்கா கேட்டார். தம்பி கொடுக்கவில்லை.