கொடியின் சொந்தப் பால்

இன்று தாவரவியல் வகுப்பில் மேசைமேல் ஒரு கொடி கிடந்தது. எல்லோரையும் முந்திக்கொண்டு நான்தான் அதன் இலையைக் கிள்ளினேன். வெள்ளைப் பால் துளிர்த்தது.

சிறுவயதில் நாங்கள் இருந்த, மலாயாவின் லூபோக் சீனா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அப்பா சீவிய பால் மரம் ஒன்றில் இதே கொடி ஏறியிருந்தது. தடித்த இலைகள், மெழுகில் வார்த்த நட்சத்திரங்களாய்க் கொத்துக் கொத்தாகப் பூக்கள். அந்தி சாய்ந்தால் அந்த மணம் நாங்கள் குடியிருந்த லயம்வரை வரும். வெள்ளைக்காரத் துரை பங்களாவில் வேலை முடிந்து வரும் அம்மா அந்த மரத்தடியில் நின்று மூச்சை இழுப்பாள். அவளுக்காகத்தான் அப்பா அதை அறுக்காமல் விட்டிருந்தார்.

ரப்பர் விலை விழுந்து ஆள் குறைத்த காலம். அப்பாவின் மரங்களில் பால் குறைகிறது என்று வந்த கங்காணி கொடியை வெடுக்கென்று ஒடித்தார். பால் சொட்டியது.

“பாத்தியா முனியா, நம்ம மரத்துப் பால இதுதான் குடிக்குதுலா. நீ பூ வளக்குறியா?”

“அது தானா வந்த கொடிங்க கங்காணி.”

“ஒன்ன மட்டும் வெத்தல பாக்கு வச்சா கூப்பிட்டாங்க? கெளம்பு.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அது ரப்பர் பால்தான் என்று அப்பாவும் நம்பியதால் தலைகுனிந்தார். அவரை ஊருக்கே திருப்பி அனுப்ப நாகப்பட்டினக் கப்பலில் ஏற்றினார்கள். பிறகு அம்மாவும் நானும் மலாக்காவில் மாமா வீட்டுக்கு வந்தோம். அப்பா திரும்பவில்லை.

புத்தகத்தில் கொடியின் பெயருக்கும் தாவரக் குடும்பத்துக்கும் கீழே எழுதியிருந்தது: மரத்தைப் பற்றி ஏறும், மரத்திலிருந்து எதையும் உண்ணாது, பால் அதன் சொந்தப் பால்.

துரை பங்களா வாசல் மரத்திலும் இதே கொடி இருந்தது. அதை யாரும் ஒடித்துப் பார்க்கவில்லை. அப்பா கப்பலேறிய அன்றும் அம்மாதான் அதற்குத் தண்ணீர் ஊற்றினாள்.